சேர்த்து முறுக்கிய வயர்

தம்பி,

போனில் இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "போன்ல வேணாம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். சரி, போனில் வேண்டாம். எழுதியே அனுப்புகிறேன். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதென்றாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி. தையில் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதினால், வருகிற பெண்ணிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கோபத்தை எப்படி அடக்க வேண்டும் என்று நாலு நல்ல வார்த்தை எழுதுவாள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான். ஆனால் சேகர் மாமா வயலில் எலிக்குக் கட்டிய கரண்ட் கம்பியில் பட்டு ராணி செத்துப்போய்விட்டாள். அதற்காகச் சேகர் ஜெயிலில் இருக்கிறார். அந்தக் கம்பிக்குப் பெட்டி செய்து கொடுத்தவன் நீ என்பது உனக்கும் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. இதை மனசில் வைத்துக்கொண்டு வேறு எதையும் எழுத எனக்கு வரவில்லை. இந்தக் கடிதத்தை வேறு யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் படித்தால் இன்னும் நல்லது.

நீ பிறந்ததே வார்னிஷ் வாசனையில்தான். உன் அப்பா மோட்டாரைப் பிரித்துப் போடுவார், நான் உட்கார்ந்து செப்புக் கம்பியைச் சுற்றி மோட்டார் காயில் கட்டுவேன். நீ நடுவில் படுத்துக்கொண்டு பழைய பேரிங்கை உருட்டி விளையாடுவாய். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு உன் அப்பா தேவைப்பட்டதே ஒரு காரியத்துக்குத்தான். த்ரீ பேஸ் கரண்ட் இல்லாத நேரத்திலும் கண்டன்சரைப் போட்டு டூ பேஸில் மோட்டாரை ஓட வைப்பார். நாற்று காய்கிறவனுக்கு அது தெய்வ காரியம். அப்படி ஓட்டினால் மோட்டார் சீக்கிரம் எரியும், எரிந்தால் அதுவும் நம்மிடமே வரும், அது வேறு விஷயம். அடிக்கடி பீஸ் போகிறது என்று யாராவது வந்தால், பீஸ் கட்டையில் தடிமனான கம்பியை மாட்டிவிட்டு "இனி போவாது, போங்க" என்பார். எதைக் கொண்டுவந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "ஓடுதா?" ஓடினால் சரி. நடுவில் எது தடுத்தாலும், சுவிட்சோ கட் அவுட்டோ, அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடுவார். நானும் அப்படித்தான். அப்பா போன பிறகு தனியாகக் கடையை நடத்துகிறேனே, நான் மட்டும் வேறு என்ன செய்தேன்?

ஸ்கூலில் படிக்கும்போது நீ பழைய போனை வைத்து மிஸ்டு கால் ஸ்டார்ட்டர் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சேகர் வயலுக்கு முதலில் மாட்டினோம். படுத்த இடத்திலிருந்து போன் பண்ணினால் மோட்டார் ஓடும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். அப்புறம் என்ன ஆயிற்று? லோன் வேண்டுமா, பாலிசி வேண்டுமா என்று எவனெவனோ அந்த நம்பருக்குப் போன் பண்ண, மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வயல்காரர் வந்து கடை வாசலில் நின்றார். "யாரோ மெட்ராஸ்லேர்ந்து கடன் வேணுமான்னு கேக்குறான், இங்க என் நாத்து முழுகுது. இது என்னங்க நியாயம்?" என்றார். நீயும் நானும் உன் அப்பாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ ஒரு வாரத்தில் அதைச் சரி செய்தும் கொடுத்தாய். ஆனால் தம்பி, முழுகிய நாற்று யாருடையது என்று நாம் யோசிக்கவே இல்லை. நம் வீட்டில் அதை ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தோம்.

உன் கை சுத்தமான கை. இதை நான் பெற்றவளாகச் சொல்லவில்லை, தொழில்காரியாகச் சொல்கிறேன். ராணி இருந்தாளே, அவளும் அதையேதான் சொல்வாள். நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவள், அதட்டல் குரல், பேரம் பேசினால் நம் கடைத் தகரம் அதிரும். புகைந்துபோன மிக்ஸியை நீ எழுப்பிக் கொடுத்த அன்று, வயல் நண்டு ஒரு சட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, "தம்பி கைய வச்சா செத்த மிசினும் எந்திரிச்சு ஒக்காருதுக்கா" என்றாள். அந்த நண்டுக் குழம்பை நீ தட்டை வழித்துச் சாப்பிட்டாய். உனக்கு அவள் யாரோ ஒரு கூலிக்காரி இல்லை. நீ அவளை அக்கா என்று கூப்பிட்டவன்.

தீபாவளி லீவில் நீ வேலை பார்க்கிற ஓசூரிலிருந்து வந்திருந்தபோது சேகர் வந்து உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. அவர் எலி வளையில் ஊற்றிய மண்ணெண்ணெய் வாசனையோடு வந்து பேச்சை ஆரம்பிக்க முடியாமல் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். குத்தகை நிலம். போன சம்பா வெள்ளத்தில் போனது. இந்த சம்பாவை எலி தூரோடு கடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தது. மூங்கில் கிட்டி வைத்துப் பார்த்தார். கிட்டியில் மாட்டியதைவிட வயலில் பெருகியது அதிகம். கடைசியில், "வேற வழியில்ல தம்பி, கம்பி இழுத்து கரண்ட் குடுத்துடலாம்னு இருக்கேன். எல்லாருந்தான் குடுக்குறாங்க" என்றார். அப்போது நீ சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "வெறுங்கம்பி கட்டாதீங்க மாமா. எலிக்கு வச்சது ஆளுக்கு ஆயிரும். நான் பாதுகாப்பா ஒண்ணு செஞ்சு தர்றேன்." லீவு முழுக்கக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைச் செய்தாய். எலி பட்டால் சாகும், அதைவிடப் பெரிய உயிர் பட்டால் கரண்ட் தானாக நின்றுவிடும் என்றாய். நான் நம்பவில்லை. உடனே நீ உன் கையையே கம்பியில் வைத்தாய். பட்டென்று பெட்டி நின்றது. நீ கையை உதறிக்கொண்டு சிரித்தாய், நான் உன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அறைந்த கையோடு பெருமையும்பட்டேன். சட்டத்துக்கு விரோதமான காரியம் என்று மூன்று பேருக்கும் தெரியும். அதனால்தான் வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. வயலில் நனைந்த புல் கம்பியில் பட்டால்கூடப் பெட்டி நின்றது. சேகர் போட்டுவிட்டுப் போவார், திரும்பி வருவதற்குள் நின்றிருக்கும். தினமும் கடைக்கு வந்து, "அக்கா, ஆள் பட்டாத்தான் பொட்டி நிக்கும்னு தம்பி சொன்னுச்சு, இது ஓடவே மாட்டேங்குதே" என்று நிற்பார். எலி ஒரு பக்கம் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு நான் அவரோடு வயலுக்குப் போய் உனக்கு வீடியோ கால் போட்டேன். உனக்குச் சாப்பாட்டு நேரம், பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாய். "அந்தக் கட் பண்ற வேலைய மட்டும் தூக்கிருவோம்மா. நான் காட்டுற ரெண்டு வயரையும் சேத்து முறுக்கி டேப் சுத்திரு. டைரக்ட் ஆயிரும். மழ விட்டதும் பிரிச்சிரலாம்" என்றாய். "பரவால்லையாடா?" என்று கேட்டேன். "நாலு நாள்தானேம்மா" என்றாய். சேகர் கை சேறாக இருந்தது. "தள்ளுங்க" என்று அவரை விலக்கிவிட்டு, போனை அவரிடம் கொடுத்துவிட்டு, அந்த வயரை முறுக்கியது நான். டேப் சுற்றியதும் நான். ஆயுசு பூராவும் வயர் முறுக்கிய கை, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மழை விட்டது. வெயிலும் வந்தது. பெட்டியைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை, சேகரும் வரவில்லை. தொந்தரவு கொடுத்தால்தானே வருவார்? ஓடிக்கொண்டிருந்தது, அதனால் மூன்று பேரும் மறந்துபோனோம். பாதுகாப்புக்கு என்று வைத்த பொருள் தொந்தரவு கொடுக்கத்தான் செய்யும், அதுதான் அதன் வேலை, தொந்தரவு நின்றுவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்றைக்கு மயிலாடுதுறையில் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டும் என்று சேகர் பொழுது சாய்வதற்கு முன்னாலேயே சுவிட்சைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். வழக்கமாக இருட்டி, ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகுதான் போடுவார். ராணி ஆட்டுக்குப் புல் அறுக்க வரப்பில் வந்திருக்கிறாள். அவள் மகள் சுதா, திருவாரூரில் காலேஜ் படிக்கிறாளே, தாயைக் காணோமே என்று தேடிக்கொண்டு போய், தாய் கிடப்பதைப் பார்த்து ஓடித் தூக்கப் போயிருக்கிறாள். பின்னால் வந்த ஒருவர் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்திராவிட்டால் அவளும் போயிருப்பாள். சத்தம் கேட்டு, ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்த சேகர் ஓடிவந்து மெயினைப் பிடுங்கினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் கடைக்கு வந்தார். பெட்டியைச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். "அக்கா, இத உள்ள வையுங்க. தம்பி பேரு வரவே கூடாது. கல்யாணம் வச்சிருக்கு. நானே கட்டுனேன்னு சொல்லிக்கிறேன்" என்றார். நான் வாங்கி மேஜைக்கு அடியில் தள்ளினேன், தம்பி. ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவர் அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போனார். சொன்னபடியே சொன்னார். இப்போது டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள், ஈவு இரக்கம் இல்லாமல் வெறுங்கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு ஊருக்குப் புறப்பட்ட பாவி என்று. ஆள் சாகக் கூடாது என்று ஒரு பெட்டிக்காக மழையில் தினமும் அலைந்த மனுஷன் அவர். அதற்கு இருக்கிற ஒரே சாட்சி நம் மேஜைக்கு அடியில் கிடந்தது.

நீ போன் பண்ணினாய். அழுதாய். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அழுது முடித்ததும், "அம்மா, அந்தப் பொட்டிய ஒடச்சு காயலான் கடைல போட்டுரு. சேகர் மாமாவுக்கு நல்ல வக்கீலா நான் பாக்குறேன். கல்யாணம் முடியட்டும், மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றாய். நான் சரி என்றேன். சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்காரவும் செய்தேன். மூடியைத் திறந்தால், ஒவ்வொரு வயரையும் நூல் பிடித்தது மாதிரி நேராக ஓட்டி, கிளிப் போட்டு, உன் கையெழுத்தில் சின்னச் சின்னதாகப் பெயர் ஒட்டியிருக்கிறாய். பத்து மோட்டார் கடைக்காரன் சேர்ந்து வந்தாலும் அப்படி ஒரு வேலை செய்ய மாட்டான். அதற்கு நடுவில் நான் முறுக்கிய இடம் மட்டும் கறுப்பு டேப்போடு, கோணலாக, கட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலை ஓங்க முடியவில்லை. நல்ல புத்தி வந்ததால் என்று நினைக்காதே. உன் வேலையை உடைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். திரும்பச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்த பிறகு ராணி வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனேன். ராணி புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், யார் வந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. சுதா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளாகவே பேசினாள். "பெரியம்மா, அம்மா கால்ல அன்னைக்கு செருப்பு இல்ல. வாரு அறுந்துபோச்சுன்னு எங்கிட்ட குடுத்து, காலேஜுக்குப் போறப்ப பஸ் ஸ்டாண்டுல தச்சு வாங்கிட்டு வாடின்னுச்சு. பையிலயே கெடந்துச்சு. நான் மறந்துட்டேன். செருப்பு இருந்தா பொழச்சிருக்கும்ல? நீங்க கரண்ட் வேல தெரிஞ்சவங்க, சொல்லுங்க பெரியம்மா, பொழச்சிருக்கும்ல?" என்றாள்.

தம்பி, அந்தப் பெண்ணுக்கு உன் தங்கை வயசு, உனக்கு ஒரு தங்கை இருந்திருந்தால். அவள் கண்ணுக்கு அடியில் கறுத்துக் கிடந்தது. தூங்கியே பல நாள் இருக்கும். நாம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறோம், பழி போய் யார் தலையில் இறங்கியிருக்கிறது பார். போலீஸ் சேகரைப் பிடித்தது. இந்தப் பிள்ளை தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு அறுந்த செருப்புக்காக. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "செருப்பு இல்லடி" என்றேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நிக்க வேண்டிய கரண்ட நிக்க விடாம பண்ணுனது நான். என் மவன் சொன்னான், இந்தக் கையால நாந்தான் முறுக்குனேன்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பன்தான் முதல்முறையாகத் தலையைத் தூக்கி, "எந்திரிச்சுப் போங்க" என்றார். எழுந்து வந்தேன். வாசலைத் தாண்டும்போது சுதா பின்னால் வந்து, "அவுரு இத எங்கிட்ட வந்து சொல்வாரா?" என்று கேட்டாள். சொல்வான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வந்து, சாக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். உனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் நீ போனில் அழுவாய், நீ அழுதால் நான் இளகிப்போவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். பெட்டியை மேஜைமேல் வைத்து, செய்தது யார், டைரக்ட் ஆக்கச் சொன்னது யார், முறுக்கியது யார், சேகர் ஏன் மறைத்தார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன். உன் விலாசம் கேட்டார்கள், கொடுத்தேன். எனக்கும் உனக்கும் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. சேகருக்கு இதனால் கொஞ்சமாவது சுமை குறையுமா என்று கேட்டேன், கோர்ட்டுதான் சொல்லணும் என்றார்கள். பெற்றவளே காட்டிக் கொடுத்தாள் என்று ஊர் சொல்லும். நீயும் நினைப்பாய். நினைத்துக்கொள். எனக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது.

கல்யாணப் பெண்ணிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும், அவள் வேறு யாரிடமிருந்தோ கேள்விப்படுவதற்குள். வருவதும் போவதும் அவள் இஷ்டம். இருந்தால் நல்லது, போனால் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லாதே. நீ இனிமேல் எதையும் செய்யக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உன் கையை நான் கட்டிப்போட முடியாது, கட்டிப்போடவும் கூடாது. ஆனால் செய்கிற பொருளைக் கையில் வாங்குகிறவனோடு உன் பொறுப்பு முடிந்துவிடவில்லை. அந்த வரப்பில் நடக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் நீ பதில் சொல்ல வேண்டும். இதை நானும் உன் அப்பாவும் உனக்குச் சின்ன வயசில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எங்களுக்கே தெரியாததை எப்படிச் சொல்லிக் கொடுப்போம்?

அவர்கள் உன்னைத் தேடி ஓசூருக்கு வருவதற்குள் நீயாகப் புறப்பட்டு வா. எந்த பஸ் என்று மட்டும் சொல், நான் வந்து நிற்கிறேன். ஸ்டேஷனுக்கு உன்னோடு நானும் வருகிறேன், என்னையும் உள்ளே வைத்தால் வைக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் சுதா வீட்டுக்குப் போவோம். அவள் அப்பன் துரத்தினால் வெளியிலேயே நிற்போம். நான் சொன்னதை அவள் இன்னும் நம்பவில்லை, தம்பி. கிழவி தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைக்கிறாளாம். அந்தப் பெட்டியைச் செய்தவன் நீ. நீ வந்து, செருப்பு போட்டிருந்தாலும் அவள் அம்மா பிழைத்திருக்க மாட்டாள் என்று ஒரு தடவை அவளிடம் சொல்.

அம்மா